தூண்டில்காரர்களின் கால்வாய்



மேற்கு லண்டனில், கிரீன்ஃபோர்டில், எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கால்வாய் போகிறது. கிராண்ட் யூனியன் கால்வாயின் பாடிங்டன் கிளை. ஹேய்ஸ் அருகே புல்ஸ் பிரிட்ஜில் பிரிந்து, பாடிங்டன் வரை ஏறக்குறைய 13 மைல், நடுவே ஒரு மடைக்கதவுகூட இல்லாமல் ஒரே மட்டத்தில் கிடக்கும் நீர். 1801-இல் திறந்தார்கள். குதிரை இழுத்த படகுகளில் செங்கல்லும் நிலக்கரியும் வைக்கோலும் போன வழி. சரக்குப் போக்குவரத்து நின்று பல காலம் ஆயிற்று. இன்று மனிதர்கள் குடியிருக்கும் நீளப் படகுகள், சைக்கிள்காரர்கள், அன்னங்கள். போன ஞாயிற்றுக்கிழமை இந்த நீரோரம் நடந்த தூண்டில் சங்கத்து நட்புப் போட்டியில் நானும் கலந்துகொண்டேன். அதைப் பற்றித்தான் இந்த மடல்.

முதலில் சீட்டுக் குலுக்கல். துணிப்பைக்குள் கைவிட்டு ஆளுக்கொரு எண் எடுக்க வேண்டும். கரை நெடுக இடைவெளி விட்டு எண் போட்டு வைத்திருக்கிறார்கள். ஓர் எண்ணுக்குரிய இடத்தைப் பெக் என்கிறார்கள். முப்பது வருடம் இங்கே தூண்டில் போட்டவருக்கும் நேற்றுச் சேர்ந்தவருக்கும் அதே பைதான். கிடைத்த இடத்தைப் பற்றிப் புலம்பலாம், மாற்றிக்கொள்ள முடியாது. எனக்கு வந்தது பாலத்தைத் தாண்டி, எதிர்க்கரையில் முட்செடி நீர்மேல் கவிந்திருக்கும் இடம். பக்கத்துப் பெக்கில் இருந்தவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், அதைப் பார்த்துவிட்டு, "அந்தச் செடியடியை மத்தியானம் வரை தொடாதீர்கள்" என்றார். போட்டியாளர் தன் எதிராளிக்குச் சொன்ன யோசனை இது!

மேலே பார்த்தால் அசையாத பழுப்பு நீர். அடித்தரை அப்படியில்லை. கரையோரம் இரண்டடி ஆழத்தில் ஒரு திட்டு. அங்கிருந்து சரிந்து நடுவே நாலைந்து அடி, அதுதான் படகுத் தடம். பிறகு ஏறி எதிர்க்கரைத் திட்டு. மீன் திட்டில் மேய்கிறதா, சரிவின் அடியில் நிற்கிறதா என்று கண்டுபிடிப்பதில்தான் போட்டியே இருக்கிறது. அதனால் தூண்டில் போடுமுன் முள்ளில் ஒரு சிறு குண்டை மாட்டி அங்குலம் அங்குலமாக ஆழம் பார்க்கிறார்கள். ஐந்து மணி நேரப் போட்டிக்கு முன் அரைமணி நேரம் இதற்கே போகிறது. எனக்கு மிகவும் பிடித்த அரைமணி அது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிலம் கைவழியாகத் தெரியவருகிறது.

கருவி எளிது. கார்பன் இழைக் கழித்துண்டுகளை ஒன்றில் ஒன்று செருகினால் 13 மீட்டர் வரை நீளும். ரீல் கிடையாது. கழியின் நுனிக்குள் ஓடும் ரப்பர் இழை, மீன் இழுக்கும்போது நீண்டு அதன் வேகத்தை வாங்கிக்கொள்ளும். கழியைப் பின்னுக்கு இழுக்கையில் அது நடைபாதையின் குறுக்கே போவதால், ஒவ்வொரு முறையும் சைக்கிள் வருகிறதா என்று இருபுறமும் பார்த்தாக வேண்டும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும்; மின்கம்பிக்குக் கீழே யாரும் உட்காருவதில்லை.

குளிர் தொடங்கிவிட்டதால் இரை, ரொட்டி. ஒரு துண்டை அழுத்தித் தட்டையாக்கி, சிறு பித்தளைக் குழாயால் நறுக்கினால் மிளகளவு வட்டம் வரும். அதை முள்ளில் கோத்து இறக்கினால் நீரில் ஊறி உப்பும். முதல் ஒரு மணி நேரம் ரோச் மீன்கள் விடாமல் கடித்தன. வெள்ளிச் செதிள், சிவந்த துடுப்பு. ரோச், ப்ரீம், கட்ஜன் எல்லாம் நம் கெண்டைக்கு உறவான மீன்கள்தான்; தஞ்சாவூர்ப் பக்கத்து வாய்க்கால்களில் வளர்ந்தவனுக்கு அந்தக் கடி அன்னியமாக இல்லை. பிறகு ஒரு படகு வந்தது. படகு கண்ணில் படுமுன்பே நீர் நகர்ந்து தக்கையை இழுத்துக்கொண்டு போனது. அது கடந்தபின் கலங்கல் அடங்கும் வரை ஒன்றும் இல்லை. மத்தியானத்துக்குமேல் செடியடியில் புழுவை இறக்கினேன். வரிபோட்ட பெர்ச் மீன்கள் வந்தன. ஓட்டுநர் சொன்னது சரி.

நடக்க வந்த எங்கள் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து அண்ணை, நீரில் கிடந்த மீன்வலைப் பையை எட்டிப் பார்த்தார். "தம்பி, உதெல்லாத்தையும் திருப்பி விடப்போறீரே? பிறகு ஏன் இவ்வளவு பாடு?"

போட்டி முடிந்ததும் சொல்கிறேன் என்றேன். அனுமதியில்லாமல் கால்வாய் மீனை எடுத்துப்போவது இங்கே குற்றம் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். அது முழுப் பதில் ஆகாது.

எடை போடும்போது இன்னும் பவுண்டு, அவுன்ஸ்தான். சிறு மீன்களால் முடிவாகும் கால்வாய்ப் போட்டியில் டிராம் வரை போவார்கள். ஓர் அவுன்ஸில் பதினாறில் ஒரு பங்கு, இரண்டு கிராம்கூட இல்லை. அந்த நுணுக்கத்தோடு நிறுத்த மீனை அடுத்த நிமிடமே, ஈரக் கையோடு, நீருக்குள் நழுவ விடுகிறார்கள். முள்ளில் பின்னோக்கிய கூர் இல்லாததால் காயம் சிறிது. மீனுக்கு வலிக்காதா என்று கேட்பவர்களின் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் இந்த மீன்கள் உயிரோடிருக்கும் நீர் மிஞ்சியிருப்பதில் தூண்டில்காரர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

தேநீர் நேரத்தில் சங்கத்துப் பெரியவர் ஒருவர் அந்தக் கதையைச் சொன்னார். 1948-இல் ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர், நீரைக் கெடுப்பவர்கள்மேல் வழக்குப் போடுவதற்கென்றே தூண்டில்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார். அதன் ஆதரவோடு டெர்பி நகரத்துத் தூண்டில் சங்கம் ஒன்று, டெர்வென்ட் ஆற்றைப் பாழாக்கிய செயற்கை நூலிழை ஆலை, மின்வாரியம், நகராட்சி மூன்றையும் ஒருசேர நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1950-களின் தொடக்கத்தில் தடையாணை பெற்று, மேல்முறையீட்டிலும் வென்றது. சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு. நொய்யல் ஆற்றுக்காக நீதிமன்றம் ஏறிய விவசாயிகளை அறிந்த உங்களுக்கு அதன் கனம் தெரியும். வார விடுமுறையில் மீன் பிடிப்பவர்களின் சங்கம் நடத்திய வழக்கு அது. எந்தத் தண்ணீரில் என்ன மீன், எந்த மாதத்தில் எவ்வளவு என்று வருடக்கணக்காக எடைபோட்டு வைத்திருப்பவர்களுக்குத்தான் ஒரு நீர் கெடத் தொடங்குவது முதலில் தெரியும்.

தூண்டில்காரர்களாலும் கேடு நேர்ந்ததுண்டு. கரையில் சிந்திய ஈயக் குண்டுகளை அன்னங்கள், இரையை அரைக்க உதவும் சிறு கற்களோடு சேர்த்து விழுங்கி நஞ்சேறிச் செத்தன. அதனால் 1987-இல் அநேக அளவு ஈயக் குண்டுகளை விற்பதற்கே தடை வந்தது. அன்னங்கள் திரும்பப் பெருகின. போட்டி நடந்த ஐந்து மணி நேரமும் என் தக்கையருகே இரண்டு உலவிக்கொண்டிருந்தன.

இப்போதுள்ள கவலை வேறு. இந்தக் கால்வாய் உட்பட சுமார் 2,000 மைல் நீர்வழிகளைப் பராமரிப்பது கால்வாய் மற்றும் ஆற்று அறக்கட்டளை. அதற்குத் தரும் மானியத்தை 2027-க்குப் பிறகு ஆண்டுதோறும் குறைத்துக்கொண்டே போவதாக 2023-இல் அரசு அறிவித்தது. மனிதன் வெட்டிய கால்வாய் தானாக ஆறாகிவிடாது. தூர் வாராவிட்டால், கரை கட்டாவிட்டால், நீர் சேர்க்காவிட்டால் சேறுதான். ஜெயித்தவருக்குப் பந்தயப் பணம் கொடுத்த கையோடு, இதைப் பற்றி ஆளுக்கொரு கடிதம் தொகுதி எம்.பி.க்கு எழுதுவதென்று முடிவு செய்தோம். நான் திங்கட்கிழமை எழுதி அனுப்பினேன். அண்ணையும் என் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுத் தன் பெயரில் ஒன்று எழுதினார். பதில் வந்ததும் அடுத்த மடலில் சொல்கிறேன்.