இருநூறு மணி நேரத்துக்குப் பிறகு

போன மாதம் ஒரு ஞாயிறு காலை பேகம்பூர் பக்கமிருந்து போன். "அண்ணே, அப்பா வீட்டுப் பத்திரத்த அடமானம் வைக்கப் போறாரு. நீங்க ஒருதரம் வந்து பேசுங்கண்ணே."

பேசிய தம்பி விமானி உரிமம் வாங்கிப் பதினான்கு மாதம் ஆகிறது. வேலை இல்லை. அப்பா தோல் பதனிடும் ஆலையில் முப்பது வருடம் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். வங்கிக் கடன், அக்கா நகை, கைமாற்று என்று எல்லாம் சேர்த்துத்தான் அவனை வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். இப்போது ஓர் ஏஜென்ட் 18 லட்சம் கேட்கிறார். ஏ320 விமானத்துக்கான டைப் ரேட்டிங், பிறகு வெளிநாட்டில் 500 மணி நேரம் பறக்க வாய்ப்பு, அதன்பின் நிரந்தர வேலை என்கிறார்.

ஒப்பந்தத்தை வாங்கிப் படித்தேன். விமான நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. 'வாய்ப்பு ஏற்பாடு செய்யப்படும்' என்று இருந்தது. ஏற்பாடு ஆகாவிட்டால் பணம் திரும்ப வருமா என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. சம்பளம் வாங்க வேண்டியவன் காசு கொடுத்துப் பறக்கும் முறை இந்தத் தொழிலில் பல நாடுகளில் இருக்கிறது. அதற்கு 'பே டு ஃப்ளை' என்று பெயர். நம் ஊர் மில்லில்கூட வேலை பார்ப்பதற்கு யாரும் முதலாளிக்குக் காசு கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்த 200 மணியை மட்டும் வைத்துக்கொண்டு வெளிநாட்டுப் பெரிய நிறுவனங்களில் நுழைவது மிகக் கடினம். அமெரிக்காவில் 2009-இல் பஃபலோ அருகே நடந்த விபத்தில் 50 பேர் இறந்தார்கள். அதன்பின் விதி மாறி, 2013 முதல் துணை விமானிக்கே பொதுவாக 1,500 மணி வேண்டும். ஐரோப்பாவில் நம் உரிமம் அப்படியே செல்லாது, 13 தேர்வுகளை மறுபடி எழுத வேண்டும். எந்த நாடானாலும் அங்கே வேலை செய்யும் அனுமதி தனியாக வேண்டும்.

குறைந்த மணிக்காரர்களுக்குத் திறந்த கதவுகளும் உண்டு. போட்ஸ்வானாவில் ஒகவாங்கோ வடிநிலத்தின் ஓரம் மவுன் என்ற ஊர் இருக்கிறது. காட்டு விடுதிகளுக்குச் சிறிய செஸ்னா விமானங்களில்தான் சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். பல நாட்டு இளம் விமானிகள் அங்கே அறை எடுத்துத் தங்கி, லாக்புக்கோடு நிறுவனம் நிறுவனமாக ஏறி இறங்குகிறார்கள். இந்தோனேசியாவில் சூசி ஏர் இருக்கிறது. பள்ளிப் படிப்பை விட்டு மீன் வியாபாரம் செய்த சூசி புட்ஜியாஸ்துதி தொடங்கிய நிறுவனம் அது. வெளிநாட்டு விமானிகள் பலர் அங்கே பறந்திருக்கிறார்கள். ஆபத்தும் கூடவே இருக்கிறது. 2023 பிப்ரவரியில் அதன் நியூசிலாந்து விமானி ஒருவரை பப்புவாவில் ஆயுதக் குழு பிடித்துப் போய், 2024 செப்டம்பரில்தான் விட்டது.

மவுனில் மாதக்கணக்கில் காத்திருக்கச் சோறும் வாடகையும் யார் தருவது? 2021 மே மாதம் ஏர் அரேபியா விமானத்தில் துணை விமானியாகச் சார்ஜாவிலிருந்து திருவனந்தபுரம் வந்திறங்கிய ஜெனி ஜெரோம், கொச்சுதுறை என்ற மீனவக் கிராமத்துப் பெண். அவர் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அவர் குடும்பம் ஏற்கெனவே வளைகுடாவில் இருந்தது, பயிற்சியும் சார்ஜாவிலேயே கிடைத்தது. நம் தம்பியோடு படித்தவர்களில் சிலருக்கு அப்பாவோ மாமாவோ கேப்டன். எந்த நிறுவனம் எப்போது ஆள் எடுக்கும் என்பது அவர்களுக்குச் சாப்பாட்டு நேரத்திலேயே தெரிந்துவிடும். இவனுக்குச் சொல்ல ஏஜென்ட்தான் இருக்கிறார்.

அரசுத் திட்டங்களையும் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்காக ஒன்றிய அரசு 2007-இல் கொண்டுவந்த உயர்தரக் கல்வித் திட்டத்தில் விமானிப் பயிற்சியும் இருந்தது. தனியார் பறக்கும் கழகங்களுக்கு ஆண்டுக்கு 3.72 லட்சம்தான் உச்சவரம்பு. இன்று பயிற்சிக்கு 40 லட்சத்துக்கு மேல் ஆகிறது. வெளிநாட்டுக் கல்வி உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். தாட்கோ விமானப் பணிக்கு இலவசப் பயிற்சி தருகிறது, கேபின் பணியாளர், பயணிகள் சேவை என்று. நல்லதுதான். ஆனால் விமானத்தில் நாம் எதுவரை போகலாம் என்பதை அந்தப் பட்டியலே சொல்லிவிடுகிறது. உரிமம் வாங்கியபின் முதல் வேலை வரைக்கும் உள்ள இடைவெளிக்கு எந்தத் திட்டத்திலும் நான் ஒரு ரூபாய் பார்த்ததில்லை. அந்த இடைவெளியிலும் செலவு நிற்காது. மருத்துவச் சான்றையும் கருவிவழிப் பறத்தல் தகுதியையும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

இதையெல்லாம் அப்பாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "எனக்கும் புரியுது தம்பி. டீக்கடையில தெனம் ஒருத்தன் கேக்குறான், 'என்னப்பா, பைலட்டு எப்ப ஏரோப்ளேன் ஓட்டப் போறாரு?'ன்னு. சுத்தி நாலு பேரு சிரிக்கிறான். அந்தச் சிரிப்புக்குத்தான்யா பத்திரம் போகுது."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. நானும் அந்தக் கடையில் டீ குடித்தவன்தான்.

மதியம் வரை பேசினோம். பயிற்றுநர் தகுதி வாங்கிக்கொண்டு ஏதாவது பயிற்சிப் பள்ளியில் கற்றுக்கொடுத்தால் சம்பளம் குறைவு, ஆனால் மணி ஏறும் என்று தம்பியே விசாரித்து வைத்திருந்தான். மணி ஏறிய பிறகு மவுனுக்கு எழுதலாம் என்கிறான். பத்திரம் திரும்பவும் டிரங்குப் பெட்டிக்குள் போனது. ஏஜென்ட் இன்னும் போன் செய்துகொண்டிருக்கிறார்.

ஜனவரியில் அவன் மருத்துவச் சான்று முடிகிறது. அந்தச் செலவை நாங்கள் நாலு பேர் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.