குழலும் மூச்சும்

‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’ என்பது நம் ஊர்ப் பழமொழி. கருவியைக் குறை கூறுவோர் வாயை இந்தப் பழமொழி கொண்டே நாம் பல ஆண்டுகள் அடைத்து வந்திருக்கிறோம். ஆனால் அயர்லாந்தின் மேற்குக் கரையில், கிளேர் மாவட்டத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றிய நாள்களில் இதற்கு நேர்மாறான காட்சி ஒன்றைக் கண்டோம். கூடம் உண்மையிலேயே கோணலாயிருக்க, ஆடியவர் தம்மையே நொந்துகொண்டார். அந்தக் கோணற் கூடத்தைத் தேர்ந்து கொடுத்தவர் வேறு எவரும் அல்லர், நாமே.

‘டின் விசில்’ என்னும் தகரக் குழலைப் பற்றித்தான் பேசுகிறோம். ஓரடி நீளம், ஆறு துளைகள். நம் புல்லாங்குழலைப் போலப் பக்கவாட்டில் ஏந்தாமல், நேராக வாயில் வைத்து ஊத வேண்டும். மெல்ல ஊதினால் கீழ் ஸ்தாயி. அதே விரல்நிலையில் சற்று அழுத்தி ஊதினால் மேல் ஸ்தாயி. அயர்லாந்தின் பள்ளிப் பிள்ளைகள் பலர் முதன்முதலில் கையில் எடுக்கும் கருவி இதுவே. அம்மாவட்டத்து டூலின் ஊரினரான மிக்கோ ரஸ்ஸல் என்னும் விவசாயி, 1994-இல் மறையும் வரை இந்த எளிய கருவியை ஊதியே உலகறிந்த கலைஞராய் விளங்கினார்.

நமக்கு இதனைக் கற்பித்தவர் பங்கைச் சேர்ந்த முதியவர் ஒருவர். வாரத்தில் ஒரு மாலை அவர் வீட்டு அடுப்பங்கரையில் அமர்ந்து, ஐம்பது வயதைக் கடந்த நம் விரல்களைத் துளைகளின் மேல் பழக்கினோம். கற்றது கொஞ்சம். ஆனால் குழல்களைப் பற்றிய பேச்சில் நமக்கு ஏற்பட்ட தேர்ச்சி பெரிது. விலை வரிசைப்படி எது சிறந்தது என்று எவர் கேட்டாலும் நம்மிடம் விடை ஆயத்தமாய் இருந்தது.

அடித்தட்டில், பத்துப் பதினைந்து யூரோவுக்குள் அடங்குபவை. இவற்றுள் மூத்தது கிளார்க் குழல். இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், கோனி வெஸ்டன் என்னும் சிற்றூரில் பண்ணைத் தொழிலாளியாயிருந்த ராபர்ட் கிளார்க் 1843-இல் இதனை உருவாக்கினார். தகரத் தகட்டைக் கூம்பாகச் சுருட்டி, வாய்ப்பக்கத்தில் ஒரு மரக்கட்டையைச் செருகியதே அவர் செய்த வேலை. பின்னர்த் தம் தொழிற்கருவிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு மான்செஸ்டருக்கு நடந்தே சென்றார் என்பர். அதன் ஒலியில் காற்றின் சலசலப்பும் கலந்து வரும். அதுவே அதன் அழகு. ஜெனரேஷன், ஃபியாடோக் போன்றவை நேரான உலோகக் குழாயும் பிளாஸ்டிக் வாய்ப்பகுதியும் கொண்டவை. இவை இலேசான ஊதலுக்கே பாடும்.

நடுத்தட்டில் டிக்ஸன், சுசாட்டோ, கில்லார்னி முதலிய பெயர்கள் வரும். இவற்றுள் நூறு யூரோவை ஒட்டிய பித்தளைக் குழல்களில் நமக்கு மிகுந்த விருப்பம் உண்டு. ஒன்றுக்கு ஒன்று வேறுபடாமல், கீழிருந்து மேல்வரை சீரான குரல் தருபவை அவை. மேல்தட்டில் கைவினைஞர்கள் ஒவ்வொன்றாகக் கடைந்து தருபவை. இருநூறு யூரோவுக்கு மேல் போகும்.

‘லோ விசில்’ என்னும் நீண்ட குழலும் இத்தட்டுக்கு உரியதே. அதன் பிறப்பில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. ஃபின்பார் ஃபியூரி என்னும் ஐரிஷ் கலைஞரிடம் இந்திய மூங்கிற்குழல் ஒன்று இருந்தது. அது உடைந்துபோகவே, அதற்கு ஈடாக பெர்னார்ட் ஓவர்டன் என்னும் ஆங்கிலேயர் 1970-களின் தொடக்கத்தில் உலோகத்தில் ஒன்றைச் செய்து கொடுத்தார். இன்றைய நெடுங்குழல்களுக்கு அதுவே முன்னோடி.

முதியவருக்கு எண்பது வயது நிறைந்தபோது, அன்பர்கள் பணம் திரட்டி, “நல்ல குழலாக நீங்களே பார்த்து வாங்குங்கள், ஃபாதர்” என்று நம்மிடம் ஒப்படைத்தனர். மொத்தம் 240 யூரோ. நாம் தயங்கவே இல்லை. ஆசிரியருக்குத் தரும் பரிசு, உள்ளதில் உயர்ந்ததாக இருக்க வேண்டும் அல்லவா? கைவினைஞர் ஒருவர் அலுமினியத்தில் கடைந்த குழலை வரவழைத்தோம். பார்வைக்கு வெள்ளிக்கோல் போல் இருந்தது.

விருந்து நாளில் அனைவரும் சூழ்ந்திருக்க, அவர் அதனை எடுத்து ஊதினார். கீழ் ஸ்தாயி தேனாய் வந்தது. மேலே ஏறியபோது குரல் உடைந்தது. மீண்டும் முயன்றார், மீண்டும் உடைந்தது. மூன்றாம் முறை இருமல் முந்திக்கொண்டது. குழலை மடியில் வைத்து, அதன் உடலை மெல்லத் தடவியபடி, “அருமையான கருவி, ஃபாதர். குறை என்னிடம்தான்” என்றார். மலிவுக் குழலாயிருந்தால் எல்லாரும் அதைப் பழித்துச் சிரித்திருப்போம். விலையுயர்ந்த குழலாயிற்றே! பழி முழுவதையும் அவரே ஏற்றுக்கொண்டார்.

அவருடைய நுரையீரல் சில ஆண்டுகளாகவே நலிந்து வந்தது. அதனை நாம் அறியாதவர் அல்லர். நோயில் பூசுதலும் அவருக்கு ஒருமுறை அளித்திருக்கிறோம். அந்தக் குழலின் காற்றுவழி குறுகியது. அதன் மேல் ஸ்தாயி வலிய, நிலையான அழுத்தத்தைக் கேட்கும். வலுத்த மூச்சுடையவருக்கு அதுவே சிறப்பு. அவருக்கோ அதுவே சுமை. குழலைப் பற்றி அத்தனையும் அறிந்திருந்த நாம், ஊதுபவரின் நெஞ்சை ஒரு நொடியும் எண்ணவில்லை.

மறுவாரம் நம்மிடமிருந்த குழல்களை எல்லாம் எடுத்துச் சென்று, நிகழ்ந்த தவற்றை ஒப்புக்கொண்டோம். ஒவ்வொன்றாக ஊதிப் பார்த்தார். கூம்புத் தகரக் குழல் அழுத்தம் கேட்கவில்லை. ஆனால் காற்றை நிறையக் குடித்தது. நெடுங்குழலைத் தொடவே இல்லை. அது மூச்சையும் கேட்கும், விரல்களை அகல விரிக்கவும் சொல்லும். இறுதியில் 15 யூரோ நிக்கல் பூச்சுக் குழல் ஒன்றில், இருமாமல் ஒரு பாட்டை முடித்தார்.

அலுமினியக் குழலை நாமே வைத்துக்கொண்டு, 240 யூரோவை நம் கைப்பணத்திலிருந்து ஈடு செய்தோம். “அதில் மலிவுக் குழல்களாகவே வாங்குங்கள். எனக்கு ஒன்று போதும், மற்றவை பள்ளிக்கு” என்றார். பதினாறு குழல்கள் வந்தன. இரண்டு நாள் அவர் மேசையில் பெரும் வேலை நடந்தது. ஆலையில் ஒட்டப்பட்ட வாய்ப்பகுதியை வெந்நீரில் நனைத்துத் தளர்த்தினார். அப்போதுதான் அதனை நகர்த்திச் சுருதி சேர்க்க முடியும். காற்றுவழிக்குக் கீழுள்ள வெற்றிடத்தை மெழுகால் அடைத்தார்; சில குழல்களின் கரகரப்பு அதில் அடங்கியது. ஒவ்வொன்றிலும் அடிச்சுரத்தையும் உச்சிச்சுரத்தையும் ஊதிக் கேட்டு, ஒன்றைத் தமக்கென எடுத்துவைத்தார். பதினைந்து குழல்கள் பள்ளிக்குச் சென்றன.

அடுத்த குளிர்காலம் வரை அந்தக் குழல் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. அவரை அடக்கம் செய்த அன்று, பள்ளிப் பிள்ளைகள் அவர் சரிசெய்து தந்த குழல்களைக் கல்லறை வாயிலில் நின்று ஊதினார்கள். இரண்டு குழல்கள் சற்றே சுருதி விலகியிருந்தன. எவரும் அதைக் குறையாக எண்ணவில்லை.

அலுமினியக் குழல் இன்றும் நம் மேசையில் இருக்கிறது. நம் மூச்சுக்கு அது பணிகிறது. மாலையில் எடுத்து ஊதுகிறோம். ஆனால் எந்தக் குழல் வாங்கலாம் என்று எவரேனும் கேட்டால், முன்போல் விலை வரிசையைச் சொல்லத் தொடங்குவதில்லை. ஊதப்போகிறவர் யார் என்றுதான் முதலில் கேட்கிறோம்.