தண்டவாளம் நீங்கிய தடம்

நியூசிலாந்தின் தென்தீவில், ஒட்டாகோ மலைநாட்டின் உட்பகுதியில், மோட்டார் வாகனம் நுழையாத நெடும்பாதை ஒன்று உண்டு. மிடில்மார்ச் முதல் கிளைடு வரை 152 கிலோமீட்டர் நீளும் அது, ஒருகாலத்தில் இருப்புப்பாதையாக இருந்தது. 1907இல் கிளைடை எட்டிய தொடர்வண்டி, மலைநாட்டின் கம்பளியையும் பழங்களையும் கடற்கரை நோக்கிச் சுமந்தது. பின்னர்ச் சரக்குந்துகள் பெருகின, 1990இல் தடம் மூடப்பட்டது, தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன. வழியோரச் சிற்றூர்கள் களையிழந்தன.

வெறுந்தடத்தை மிதிவண்டிக்கு உரியதாக்கும் எண்ணம் எழுந்தபோது, தம் மேய்ச்சல் நிலத்தருகே அயலார் நடமாடுவதை உழவர் சிலர் விரும்பவில்லை. அவர்தம் அச்சம் புறந்தள்ளத்தக்கதன்று. ஆயினும் 2000இல் பாதை திறக்கப்பட்டபின், வருவோர்க்குச் சோறும் படுக்கையும் தருவதே பல குடும்பங்களுக்குப் பிழைப்பாயிற்று.

நீராவி எஞ்சினால் செங்குத்தான மேட்டில் ஏற இயலாது. ஆகவே, 50 அடித் தொலைவுக்கு ஓரடிக்குமேல் உயராதவாறு பொறியாளர்கள் தடத்தை மலையோடு வளைத்துச் சென்றனர். எஞ்சினுக்குக் காட்டிய அப்பரிவு இன்று முதியோரின் முழங்காலுக்கு உதவுகிறது! எதிர்க்காற்றுக்கு மட்டும் அவர்களிடமும் மருந்தில்லை. பூல்பர்ன் பள்ளத்தாக்கில் பாறையைக் குடைந்த இரு சுரங்கங்கள் உள்ளன; கைவிளக்கின்றி உள்ளே வழி புலப்படாது. அருகே 37 மீட்டர் உயரப் பாலம்.

ஹைடு என்னும் ஊருக்கு அருகில் ஒரு வளைவு. 1943 ஜூன் 4 அன்று, கடுவிரைவாக வந்த பயணியர் வண்டி அங்கே தடம்புரண்டது. 21 பேர் மாண்டனர். அவ்வளைவை இன்று மிதிவண்டிகள் மெல்லக் கடக்கின்றன.