உப்பில்லாத களி

மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்துக்குக் கடல் கிடையாது. பிரேசில் என்றாலே கடற்கரை என்று நினைத்திருந்த என் கணவருக்கு அதுவே முதல் ஏமாற்றம். டிராடென்டெஸ் ஊரில் செய்வதற்கும் பெரிதாக ஒன்றுமில்லை. அதற்காகத்தான் நான் அந்த ஊரைச் சொன்னேன். மேடும் பள்ளமுமாகக் கல் பாவிய தெருக்களில் வேகமாக நடக்க முடியாது. அவருடைய அலுவலக நடை தானாகத் தளர்ந்தது.

மதியம், விறகடுப்புச் சமையல் செய்யும் சின்னக் கடை ஒன்றில் வெண்டைக்காய்க் கோழி சொன்னோம். எனக்கு நம்பிக்கையில்லை. கறியோடு வெண்டைக்காய் சேர்ந்தால் குழம்பு பசையாகிவிடும் என்பது என் கட்சி. மாக்கல் சட்டியில் வந்ததோ பசையே இல்லாத குழம்பு. காயைத் தனியே வதக்கி, வழவழப்பு அடங்கிய பிறகுதான் சேர்ப்பார்களாம். பக்கத்தில் மஞ்சளாகச் சோளமாவுக் களி. அங்கூ என்று பெயர். வாயில் வைத்தால் உப்பே இல்லை.

அவர் உப்பு கேட்கக் கை தூக்கினார். நான் கையைப் பிடித்து இறக்கினேன்.

"சமைச்சவங்க மனசு நோகும்."

"களிக்கு உப்பு கேட்டா மனசு நோகுமா? எங்க அம்மா சமையல்ல நீ சொல்லாத குறையா?"

பேச்சு களியை விட்டு எங்கெங்கோ போனது. மொழி தெரியாவிட்டாலும் சண்டை புரியும் போலிருக்கிறது. சமையல்கார அம்மாள் வந்து உப்புக் குப்பியை அவர் முன்னால் வைத்தார். பிறகு கரண்டியால் குழம்பை அள்ளிக் களியின் மேல் ஊற்றிக் காட்டினார். உப்பு குழம்பில் இருந்தது.

ஏன் இப்படி என்று தோண்டினேன். 18ஆம் நூற்றாண்டில் இந்த மலைகளில் தங்கம் கிடைத்தது, உப்புதான் கிடைக்கவில்லை. கடற்கரையிலிருந்து கோவேறு கழுதைகள் சுமந்து வரவேண்டும். வியாபாரமோ போர்ச்சுகல் அரசின் ஏகபோகம். தங்கம் தோண்டிய ஆப்பிரிக்க அடிமைகளுக்கு உப்பில்லாத அங்கூதான் அன்றாட வயிற்றுப்பாடு. வெண்டைக்காயும் அடிமைக் கப்பல்களின் வழியாக வந்ததுதான்.

சாயங்காலம் புனித அந்தோணியார் கோயிலுக்குப் போனோம். 1710இல் கட்டத் தொடங்கியது. பீடம் முழுக்கப் பொன் பூச்சு. வேறு நேரமாயிருந்தால் வாய் பிளந்திருப்பேன். அன்று கணக்குப் பார்க்கத்தான் தோன்றியது: பொன் மேலே ஏறிவிட்டது, தோண்டியவன் தட்டில் உப்புகூட விழவில்லை. ஊருக்குப் பெயர் தந்த டிராடென்டெஸை 1792இல் தூக்கிலிட்டார்கள். போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிராக அவர் சேர்ந்த சதிக்கும் தங்க வரிதான் திரி. அந்த வரிக்கு வரலாறு இருக்கிறது. களிக்குச் சமையல் குறிப்பு மட்டும்தான்.

மறுநாளும் அதே கடை. நான் உப்பு தொடாமல் சாப்பிட்டேன். அவர் குப்பியைத் தாராளமாகக் கவிழ்த்தார்.

"அவங்களுக்குக் கிடைக்கலைன்னுதானே வருத்தப்படுற? கிடைச்சிருந்தா போட்டுத்தான் தின்னிருப்பாங்க."

பதில் சொல்ல வாயெடுத்தேன். களி ஆறிக்கொண்டிருந்தது. குப்பியை என் பக்கம் இழுத்தேன்.