நாலு சென்ட்டுக்கு எதற்கு உயில்?

"நாலு சென்ட்டுக்கு உயிலா? நாம என்ன ஜமீனா?" இரணியல் பக்கம் ஒரு காலனியில் நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டு நாலு சென்ட் நினைவுக்கு வந்தது.

பாட்டா கூலிவேலை செய்து வாங்கிய இடம் அது. ஒரு ஓட்டு வீடு, ஐந்து பிள்ளைகள். பாட்டி முன்பே இறந்துவிட்டார். கடைசி ஆறு வருடம் பாட்டாவைப் பார்த்துக்கொண்டது, கணவன் கைவிட்டதால் வீடு திரும்பிய எங்கள் அத்தை. "இந்த வீடு உனக்குத்தான்" என்று ஊரறியச் சொன்னார் பாட்டா. எழுதி வைக்கவில்லை.

அவர் இறந்தபின் வாரிசுச் சான்றிதழில் ஐந்து பெயர்கள் வந்தன. சட்டப்படி ஆளுக்கு 0.8 சென்ட், அதாவது 350 சதுர அடிக்கும் குறைவு. அதில் யார் என்ன கட்ட முடியும்? விற்றார்கள். அத்தை தன் பங்குப் பணத்தோடு வாடகை வீட்டுக்குப் போனார், அங்கேயே இறந்தார். யாரும் அவரை ஏமாற்றவில்லை. எல்லாம் சட்டப்படிதான் நடந்தது. எங்கள் அப்பாவும்தான் கையெழுத்துப் போட்டார்.

தோழர்களே, நமக்கு நிலம் சும்மா வந்ததில்லை. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1891-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. நம் ஊரோ 1956 நவம்பர் 1 வரை தமிழ்நாட்டோடு இல்லை, அன்று திருவிதாங்கூர். அந்த ஒதுக்கீடும் நமக்குக் கிடைக்கவில்லை. அப்படியிருக்க, கைக்கு வந்த சென்ட் கணக்கு நிலத்தையும் ஒரு தாள் எழுதாததால் இழக்கலாமா? பெரிய சொத்துக்காரன் வழக்கு நடத்தித் தாங்குவான். நம் நாலு சென்ட், வக்கீல் பீஸுக்கே போய்விடும்.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுபவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க வேண்டும். அதை நேரில் பார்த்த இருவர் அவர் முன்னிலையில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். பங்கு பெறுபவரைச் சாட்சியாக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்துவைத்தால் பின்னால் வம்பு குறையும். எழுதியவர் உயிரோடும் தெளிவோடும் இருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம். "என் மகள் ஆயுள் முழுக்க இந்த வீட்டில் இருக்கலாம், அதன்பின் எல்லாப் பிள்ளைகளுக்கும்" என்றுகூட எழுதலாம். அத்தைக்கு அந்த ஒரு வரி போதுமாயிருந்தது. அரசு கொடுத்த மனை என்றால் மட்டும், பட்டாவில் உள்ள நிபந்தனைகளை முதலில் படியுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. 1916-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவர் வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாதபோது மகளுக்குக் கிடைத்தது மகன் பங்கில் கால்பகுதி அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அது. மேரி ராய் வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் அது ஒழிந்தது. இந்துப் பெண்களின் சொத்துரிமையையும் பேசிய இந்து சட்ட மசோதா முடக்கப்பட்டதைக் காரணம் காட்டித்தான் பாபாசாகேப் 1951-இல் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். "கட்டிக்கொடுத்தாச்சே" என்று மகளை விட்டுவிட்டு உயில் எழுதினால், நாமே 1916-க்குத் திரும்பிப் போகிறோம். யாருக்குக் கூரை தேவை என்று பார்த்து எழுதுவது வேறு, பெண் என்பதால் வெட்டிவிடுவது வேறு.

வீட்டில் பேச்செடுத்தால் "நான் சாகக் காத்திருக்கியா?" என்று கேட்பார்கள். எங்களையும் கேட்டார்கள். அதனால் உயிலில் தொடங்காதீர்கள். "வீட்டுப் பிரமாணம் எங்கே இருக்கு, யார் பேரில் இருக்கு?" என்று கேளுங்கள். பெட்டியைத் திறந்து கரையான் அரிக்காத தாள்களை எடுத்து நகல் எடுங்கள். பேச்சு தானாக அங்கே வந்து சேரும்.

எங்கள் அப்பா போன வருடம் எழுதினார். முதல் வரியில் எங்கள் தங்கையின் பெயர் இருக்கிறது.

ஜெய்பீம்.