தைச்சுங் நகரில் ஒரு பகலுணவு

பயணம் சென்று மீண்டவர்கள் கோபுரங்களையும் மலைகளையும் பற்றிப் பேசுவதே வழக்கம். நாங்களும் தைவான் தீவுக்குச் சென்று பன்னிரண்டு நாள் தங்கித் திரும்பினோம். ஏரியையும் கண்டோம், மலையையும் கண்டோம். ஆயினும், விசாரிக்க வருவோரிடம் எங்கள் வாயில் முதலில் வருவது, ஒரு சிறு உணவு விடுதியில் நாங்கள் கழித்த இரண்டு மணி நேரமே. அங்கே உணவு மிக நன்று; உபசரிப்போ மிக மோசம். அவ்விரண்டுக்கும் நடுவே எங்கள் அத்தையை நினைத்து நாங்கள் நடுங்கிய சில நிமிடங்களும் இருந்தமையால், அதனை இங்கே எழுதத் துணிந்தோம்.

எங்கள் மகன் தைவானில் சின்சூ நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் மேற்படிப்புப் படிக்கிறான். அவனைக் காணவே நாங்கள் இருவரும், எழுபத்திரண்டு வயதான எங்கள் அத்தையும் புறப்பட்டோம். “காலும் கண்ணும் நன்றாக இருக்கும்போதே பேரன் இருக்கும் இடத்தைப் பார்த்துவிட வேண்டும்” என்று அத்தை பிடிவாதமாக உடன் வந்தார். ஒரு சனிக்கிழமை காலை மகன் எங்களைத் தைச்சுங் நகருக்கு அழைத்துச் சென்றான். தீவின் மேற்குக் கரையோரம் 2007-ஆம் ஆண்டு முதல் ஓடிக்கொண்டிருக்கும் அதிவேக இரயில், அரைமணி நேரத்துக்குள் எங்களை அங்கே கொண்டு சேர்த்தது.

இன்று நம் நாட்டு நகரங்களிலும் இளைஞர்கள் தடித்த உறிஞ்சு குழலோடு கையில் ஏந்தித் திரிகிறார்களே, அந்தப் ‘பபிள் டீ’ பிறந்த ஊர் தைச்சுங் என்று வண்டியிலேயே மகன் கூறினான். ஆனால் தெற்கே உள்ள தைனான் நகரத்தார் இதனை ஒப்புவதில்லை. தைச்சுங்கில் 1983-இல் தொடங்கப்பெற்ற ‘சுன் ஷுய் தாங்’ என்னும் தேநீர்க் கடையில் பணியாற்றிய லின் சியு ஹுய் என்ற பெண்மணி, 1988-இல் அலுவலகக் கூட்டமொன்றில் தம்மிடமிருந்த மரவள்ளி மாவு உருண்டைகளைக் குளிர்ந்த தேநீரில் கொட்டிப் பருகினார். அதுவே தொடக்கம் என்பது அக்கடையாரின் கூற்று. தைனானில் ‘ஹன்லின்’ கடையை நிறுவிய து சொங் ஹோ என்பவரோ, சந்தையில் விற்ற வெள்ளை உருண்டைகளைக் கண்டு 1986-லேயே தாம் அவற்றைத் தேநீரில் இட்டதாகவும், அவை முத்தைப் போல் இருந்தமையால் ‘முத்துத் தேநீர்’ என்று பெயர் வந்ததாகவும் கூறினார். இரு கடையாரும் நீதிமன்றம் ஏறிப் பத்தாண்டு வழக்காடினர். இது எவரும் தயாரிக்கக்கூடிய பானமே. முதலில் செய்தவர் யார் என்று ஆராயத் தேவையில்லை என்று 2019-இல் வழக்கு முடிவுற்றது. ‘பபிள்’ என்ற பெயரும் பலர் நினைப்பதுபோல் உருண்டைகளைக் குறித்து எழுந்ததன்று. தேநீரைப் பனிக்கட்டியுடன் குலுக்கும்போது மேலே பொங்கும் நுரையைக் குறித்து எழுந்ததாம்.

நாங்கள் உண்டது இவ்விரு கடைகளிலும் அன்று. ஒரு பக்கத்துத் தெருவில் இருந்த விடுதி அது. அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. பன்னிரண்டு மேசைகள்; பரிமாற இரண்டே இளம்பெண்கள். வாசலில் நாங்கள் பத்து நிமிடம் நின்றோம். ‘வாருங்கள்’ என்றோ, ‘பொறுங்கள்’ என்றோ எவரும் கூறவில்லை. இறுதியில் மகனே ஒரு வெற்று மேசையைக் கண்டு எங்களை அமர்த்தினான்.

உணவுப் பெயர்கள் அச்சிட்ட தாளும் ஒரு பென்சிலும் மேசைமீது கிடந்தன. வேண்டியவற்றுக்கு நேரே நாமே குறியிட்டுக் கொடுக்க வேண்டும். தேநீருக்குச் சர்க்கரை முழு அளவா, பாதியா, அதனினும் குறைவா, அறவே வேண்டாமா என்றும் குறிக்கலாம். அத்தைக்கு நீரிழிவு உண்டு. ஆதலால் அவருடைய தேநீருக்குச் சர்க்கரை வேண்டாமென்று மகன் குறித்தான். ஒரு பெண் எங்கள் முகத்தைப் பாராமலே தாளை வாங்கிச் சென்றாள். அத்தை வழக்கம்போல் உணவுக்கு அரைமணி முன்பு விழுங்க வேண்டிய மாத்திரையை எடுத்து விழுங்கிவிட்டார்.

அரைமணி கழிந்தது, முக்கால் மணியும் கழிந்தது. எங்களுக்குப் பின் வந்தவர்கள் உண்ணத் தொடங்கினர். நாங்கள் கேட்ட பதார்த்தம் ஒன்று அடுத்த மேசைக்குச் சென்று, அவர்கள் மறுத்ததும் மீண்டும் சமையலறைக்கே போய்விட்டது. வாசலிலோ, வீடுகளுக்குப் பொட்டலம் கொண்டுசெல்லும் மோட்டார் சைக்கிள்காரர்கள் வரிசையாக நின்றார்கள். அப்பெண்கள் பைகளைக் கட்டிக் கொடுப்பதிலேயே முனைந்திருந்தனர். மகன் இருமுறை கைதூக்கினான். ஒருத்தி தலையசைத்துவிட்டு அப்பால் சென்றாள்.

அப்போது அத்தையின் பேச்சு நின்றது. நெற்றியில் வேர்வை முத்து முத்தாக அரும்பியது, கை நடுங்கியது. “கண் இருட்டுகிறதப்பா” என்றார். இரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று எங்களுக்கு உடனே விளங்கிற்று. எப்போதும் பையில் இருக்கும் கற்கண்டு, அன்று பார்த்து அறையிலேயே தங்கிவிட்டது. மகன் ஒரு நொடியும் தாமதியாமல் எழுந்து, வாடிக்கையாளர் செல்லக்கூடாத சமையலறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தான்.

மறுகணம் ஒரு முதிய சமையற்காரர் கையில் குவளையுடன் ஓடி வந்தார். வேகவைத்த உருண்டைகளை அங்கே கருஞ்சர்க்கரைப் பாகில் ஊறப்போட்டு வைப்பார்கள். உருண்டைகளை விலக்கி, அந்தப் பாகை மட்டும் அள்ளி வெந்நீரில் கலந்து கொண்டு வந்திருந்தார். உருண்டை தொண்டையில் அடைத்துக்கொள்ளுமே என்று அந்த அவசரத்திலும் அவர் நினைத்தது எங்களை நெகிழச் செய்தது. அத்தை மெல்ல மெல்லப் பருகினார். கால்மணி நேரத்தில் முகம் தெளிந்து, “ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள், பசிதானே!” என்று எங்களையே கடிந்துகொண்டார்.

பின்னர் உணவு வந்தது. ஒவ்வொன்றாக, ஒழுங்கின்றி வந்தது. ஆனால் என்ன சுவை! பன்றி இறைச்சியைப் பொடியாக அரிந்து, வறுத்த சின்ன வெங்காயமும் சோயாச் சாறும் அன்னாசிப்பூவும் சேர்த்து நெடுநேரம் சிறுதீயில் வேகவைத்து, சூடான சோற்றின்மேல் ஊற்றியிருந்தார்கள். ‘லூ ரௌ ஃபான்’ என்பது அதன் பெயர். தைவான் மக்களின் அன்றாட உணவு. மாட்டிறைச்சி நூடுல்ஸ் சூப்பும், சோயாச் சாற்றில் ஊறிய டோஃபுவும் அதற்குக் குறைந்தவையல்ல. அத்தை சின்ன வெங்காயத்தின் மணத்தை நுகர்ந்து, “யார் வீட்டுக் கைமணமோ!” என்றார்.

இறுதியில் முத்துத் தேநீர் வந்தது. குவளையின் அடியில் கறுத்த உருண்டைகள் கிடந்தன. அத்தை ஒன்றை மென்று பார்த்தவர் வியந்து, “இது நம் ஊர் ஜவ்வரிசியல்லவா? கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது!” என்றார். அவர் சேலம் மாவட்டத்து ஆத்தூரில் பிறந்தவர். மரவள்ளிக் கிழங்கை அரைத்து மாவெடுத்து, ஜவ்வரிசியைக் களத்தில் வெண்மணலாகப் பரப்பி உலர்த்துவதைக் கண்டு வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது கடல் கடந்து வந்த ஜவ்வரிசி நின்றுபோகவே, சேலத்தில் அத்தொழில் வேரூன்றியது. 1981-இல் அதற்கெனக் கூட்டுறவுச் சங்கமும் அமைந்தது. தென்னமெரிக்காவில் தோன்றிய அதே கிழங்கு நம் வீட்டில் பாயசமாகவும், அங்கே தேநீரில் முத்தாகவும் விளங்குகிறது.

விலைச்சீட்டில் உணவுக்கு 860 தைவான் டாலர். அதன்மேல் உபசரிப்புக் கட்டணம் நூற்றுக்குப் பத்து வீதம் 86. அதைக் கண்டதும் எங்களுக்குச் சினம் பொங்கியது. “எந்த உபசரிப்புக்கு? அந்தப் பெண்ணைக் கூப்பிடு, கேட்போம்” என்றோம்.

மகன் சற்றுத் தயங்கினான். பிறகு தலைகுனிந்தபடி, “அப்பா, முதலாண்டில் நானும் இப்படியொரு கடையில் ஏழு மாதம் வேலை செய்தேன். உங்களிடம் சொல்லவில்லை” என்றான்.

நாங்கள் திகைத்தோம். வெளிநாட்டு மாணவர்கள் உரிமம் பெற்று, கல்லூரி நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரை அங்கே வேலை பார்க்கலாம். நாங்கள் அனுப்பிய பணம் போதவில்லை. கேட்டால் நாங்கள் கடன்படுவோம் என்று அவன் கேட்கவுமில்லை. குவளை கழுவியும் உருண்டை வேகவைத்தும் அந்த மாதங்களைக் கடத்தியிருக்கிறான். அவை அரைமணி கொதித்து, பின்னும் அரைமணி ஊற வேண்டும்; சில மணி நேரத்தில் இறுகிவிடுமாதலால் அடிக்கடி புதிதாக வேகவைக்க வேண்டும். “முத்துத் தீர்ந்துவிட்டால் மேசையில் இருப்பவர்களிடம் போய்ச் சொல்ல வேண்டும். எனக்கும் நேரம் இருக்காது, பயமாகவும் இருக்கும். பேசாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்” என்றான்.

நாங்கள் மேலும் ஒன்றும் பேசவில்லை. எனினும் நடந்தது சரியென்று இன்றும் நாங்கள் கூறமாட்டோம். ‘தாமதமாகும், பொறுங்கள்’ என்ற ஒரு சொல் கிடைத்திருந்தால் அத்தைக்கு அருகிலிருந்த கடையில் ஒரு ரொட்டியாவது வாங்கிக் கொடுத்திருப்போம். ஆனால் அந்தக் குறையை முகம் தெரிந்த பெண்ணின்மேல் சுமத்திவிட்டு, பன்னிரண்டு மேசைக்கும் வாசல் வரிசைக்கும் இரண்டே பேரை நிறுத்தி, உபசரிப்புக்கென்று பணமும் வாங்கிய முகம் தெரியாத முதலாளியை மறந்துவிட இருந்தோமே என்று வெட்கினோம்.

1,000 டாலர் நோட்டைக் கொடுத்துப் பாக்கி 54 டாலர் பெற்றோம். அத்தை அதனை வாங்கிச் சீட்டோடு குவளையின் கீழ் வைத்தார். “பாவம், அந்தப் பிள்ளை சாப்பிட்டதோ என்னவோ” என்றார். அங்கே அப்படிப் பணம் வைக்கும் வழக்கமில்லை என்று மகன் கூறியும் அவர் கேட்கவில்லை.

தெருமுனையை அடையும்போது பின்னால் ஓடிவரும் காலடி கேட்டது. அந்தப் பெண்தான். மூச்சு வாங்க நின்று, 54 டாலரையும் சீட்டையும் இரு கைகளாலும் ஏந்தி அத்தையிடம் நீட்டினாள். தைவானில் இத்தகைய கடைச் சீட்டு 1951 முதல் நடந்துவரும் அரசுப் பரிசுக் குலுக்கலில் சேரும். அதனைத் தொலைக்கக்கூடாது என்று மகனிடம் சொன்னாளாம். பின் அத்தையின் முகத்தை உற்றுப் பார்த்து ஏதோ வினவினாள்.

“‘பாட்டிக்கு இப்போது சுகமா?’ என்று கேட்கிறாள்” என்றான் மகன்.

அத்தை அவள் கையைப் பிடித்துக்கொண்டு தமிழிலேயே, “சுகம்தான் தாயே, நீ போய்ச் சாப்பிடு” என்றார். அவள் சிரித்துத் தலைவணங்கி, மீண்டும் ஓடினாள்.

அந்தச் சீட்டுக்குப் பரிசு விழவில்லை. பயணப் பையில் இப்போது கற்கண்டு எப்போதும் இருக்கிறது. சோறு மேசைக்கு வரும் நேரம் உறுதியாகும் வரை அத்தையும் மாத்திரையைத் தொடுவதில்லை. மகனுக்கு மாதந்தோறும் அனுப்பும் தொகையை உயர்த்தியிருக்கிறோம். வேண்டாமென்று அவன் எழுதுகிறான், நாங்கள் கேட்பதில்லை.