அப்பாயி சொன்ன கப்பற் குறிப்புகள்

உல்லாசக் கப்பலில் நெடும்பயணம் செல்வது இன்று நம்மவரிடையே ஒரு வழக்கமாகி வருகிறது. சிங்கப்பூரிலிருந்தும் கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் புறப்படும் கப்பல்களில், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் பலர் துணைவியரோடு சென்று வருகின்றனர். நானும் என் மனைவியும் ஓர் ஆண்டிறுதி விடுமுறையில் சிங்கப்பூரில் கப்பலேறி, பினாங்கு, புக்கெட், கொழும்பு, கொச்சி வழியாக மும்பை வரை 11 இரவுகள் கடலில் சென்று, அங்கிருந்து விமானத்தில் திரும்பினோம். அதுமுதல் கப்பலேற எண்ணும் நண்பர்கள் ரவாங் கடைத்தெருவில் என்னைக் காணும்போதெல்லாம், "மயக்கம் வருமா? எந்த அறை நல்லது? என்னென்ன கொண்டு போக வேண்டும்?" என்று கேட்கின்றனர். நான் கூறும் விடைகளுள் பெரும்பாலானவை என்னுடையவை அல்ல. எழுதப் படிக்க அறியாத என் தந்தையின் தாயார், எங்கள் அப்பாயி, 1981ஆம் ஆண்டின் இறுதியில் வங்கக் கடலின் நடுவே எனக்குச் சொன்னவை அவை.

கடற்பயணம் தமிழர்க்குப் புதிதன்று. காழகத்துப் பொருள்கள் காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து குவிந்ததைப் பட்டினப்பாலை பேசுகிறது. அக்காழகம் நம் கெடாவே என்பர் உரைகாரர். 1025ஆம் ஆண்டையொட்டி முதலாம் இராசேந்திரனின் கடற்படை கடாரம் வரை வந்தது. ஆனால், கடல் கடந்து பிரியும் ஆடவர் மகளிரை உடன் அழைத்துச் செல்லுதல் மரபன்று என்று தொல்காப்பியத்திற்குப் பொருள் கொள்வர். ஆசிரியர் பயிற்சியின்போது அந்நூற்பாவைப் படித்த அன்று, எனக்கு அப்பாயியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. இலக்கணம் அறியாத அவர், 1937ஆம் ஆண்டில், கணவரின் பின்னே ஒரு தகரப் பெட்டியுடன் 'ரஜூலா'வில் ஏறியவர்.

'ரஜூலா' என்னும் பெயரைக் கேளாத தோட்டத்துப் பிள்ளைகள் அந்நாளில் இல்லை. 1926ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்ட அந்த நீராவிக் கப்பல், சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடியது. தொடக்கத்தில் 5,000 பேருக்கு மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. பேச்சு வழக்கில் அவர்கள் 'டெக்' பயணிகள். அவர்களுக்கு அறை இல்லை, கட்டில் இல்லை, பாய் விரித்த இடமே வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரையை ஒட்டாது; கடலில் நங்கூரமிட்டு நிற்கும். படகில் சென்று, அலையில் ஏறியிறங்கும் படகிலிருந்து கப்பலின் ஏணியைப் பற்ற வேண்டும். இக்கரை சேர்ந்ததும் ஊருக்குள் விட்டுவிட மாட்டார்கள். பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவின் முகாமில் தனித்து வைத்து, அம்மை முதலிய நோய் இல்லை என்று கண்ட பின்னரே விடுவர்.

1970களின் தொடக்கத்தில் 'ரஜூலா' ஓய்வு பெற்றது. அதன் பின்னர் இத்தடத்தில் ஓடிய இந்தியக் கப்பலான 'சிதம்பர'த்தில்தான் அப்பாயியோடு நான் சென்றேன். எனக்கு அப்போது வயது 12. ஆறாம் வகுப்பை முடித்திருந்தேன். நாகப்பட்டினத்தை அடுத்த ஒரு சிற்றூரில் தனித்து வாழ்ந்த தம் தமக்கையைப் பார்த்து வருவதாகச் சொல்லி அப்பாயி புறப்பட்டார். துணைக்கு நான். இரவு இரயிலில் பட்டர்வொர்த் சென்று, பெரியில் பினாங்குக்குக் கடந்து கப்பலேறினோம்.

அப்பாயியின் முதல் குறிப்பு புறப்படுவதற்கு முன்பே நிறைவேறிவிட்டது: ஆளுக்கொரு பெட்டி. என் துணிமணிகளைத் தம் பெட்டியில் வைக்க அவர் இசையவில்லை. "அவனவன் பெட்டி அவனவனுக்குத் தெரியணும். பேரு எழுதிடு" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டார். அப்பா இரண்டு தகரப் பெட்டிகளிலும் வெள்ளைச் சாயத்தால் பெயர் எழுதினார். பெரியது அவருடையது, சிறியது என்னுடையது.

இரண்டாம் குறிப்பு இடத்தைப் பற்றியது. கப்பலின் கீழ்த்தளத்தில், அடுக்குப் படுக்கைகள் கொண்ட பெருங்கூடத்தில், அப்பாயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு நடுப்பகுதிக்கு விரைந்தார். "மூக்குலயும் படுக்காதே, வாலுலயும் படுக்காதே. வயித்துல படு" என்றார். சிறுவர் ஏறி விளையாடும் ஏற்ற இறக்கப் பலகையை நினைத்துப் பார்த்தால் இதன் உண்மை புலப்படும். நுனிகள் மேலும் கீழும் போகும். நடு மிகக் குறைவாகவே அசையும். இன்று பெரும்பொருள் கொடுத்து உயரமான தளத்தில் மாடத்தோடு கூடிய அறையைத் தேர்ந்து கொண்டு, பின் தலைசுற்றல் என்று படுத்துவிடுவோரைக் காண்கிறேன். காட்சியை விரும்புவோர் மேலே செல்லட்டும். உறக்கத்தை விரும்புவோர் கீழ்த்தளத்தில் நடு அறையைக் கேட்டுப் பெறுதல் நலம்.

மூன்றாவது, வயிற்றைப் பற்றியது. "வெறும் வயிறும் ஆகாது, நிறை வயிறும் ஆகாது." புளிச்சோறு, நெல்லிக்காய் ஊறுகாய், பொரி, உப்பில் தோய்த்து உலர்த்திய இஞ்சி ஆகியவற்றைத் துணி முடிச்சுகளில் அவர் கொண்டு வந்திருந்தார். கப்பல் சுமத்திரா முனையைத் தாண்டி அகன்ற கடலில் புகுந்ததும் ஆடத் தொடங்கியது. எனக்கு வாய் நீரூறியது. அவர் என்னைப் படுக்க விடவில்லை. மேல்தளத்திற்கு இழுத்துச் சென்று, கடலும் வானும் கூடும் கோட்டைக் காட்டி, "அதப் பாத்துக்கிட்டே இரு. அது ஆடாது" என்றார். உட்காது கப்பலின் ஆட்டத்தை உணர்கிறது. அறைக்குள்ளிருக்கும் கண்ணோ எல்லாம் நிலையாக நிற்பதாகச் சொல்கிறது. இவ்விரு செய்திகளும் முரண்படுவதால் மூளை தடுமாறுவதே கடல் மயக்கம் என்று நான் பின்னாளில் படித்தேன். தொடுவானைக் காணும்போது காதும் கண்ணும் உடன்படுகின்றன. மாத்திரை உண்போர் மயக்கம் வந்தபின் அல்ல, கப்பல் ஆடத் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்டு உட்கொள்ள வேண்டும். பருவத்தையும் கருத வேண்டும். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் வங்கக் கடல் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல்கள் எழும். பிப்ரவரியும் மார்ச்சும் அமைதியானவை.

நான்காம் குறிப்பே எல்லாவற்றிலும் இன்றியமையாதது. கப்பலேறிய முதல் மணி நேரத்திலேயே, எங்கள் படுக்கையிலிருந்து மேல்தளம் வரை என்னைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றார். திரும்பி வந்ததும், "இப்பக் கண்ண மூடிக்கிட்டுப் போ. படிய எண்ணிக்க" என்றார். கண்ணை மூடிக்கொண்டு தட்டுத் தடுமாறிச் சென்ற என்னைக் கண்டு அருகிலிருந்தோர் சிரித்தனர். "வெளக்குப் போச்சுன்னா காலுதான்யா கண்ணு" என்றார் அப்பாயி. மூன்று ஆண்டுகள் கழித்து, 1985ஆம் ஆண்டு பிப்ரவரியில், அதே 'சிதம்பரம்' நடுக்கடலில் தீப்பற்றிப் பலர் உயிரிழந்தனர். செய்தித்தாளில் அதைப் படித்தபோது என் கால்கள் தாமாகவே அப்படிகளை எண்ணின. இத்தாலியக் கரையோரம் 2012ஆம் ஆண்டில் 'கோஸ்டா கொன்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் மாண்ட பின்னர், புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகளுக்கு உயிர்காப்புப் பயிற்சி அளித்தாக வேண்டும் என்று உலக நாடுகள் விதியைக் கடுமையாக்கின. அப்பயிற்சியைச் சடங்காகக் கருதி நீச்சற் குளத்தருகே நின்றுவிடுவோர் இன்றும் உண்டு. நண்பர்களே, அந்த அரைமணி நேரத்தை மட்டும் இழந்துவிடாதீர்கள்.

அப்பாயி அறிந்திராத சிலவற்றையும் இக்காலத்தார்க்குச் சொல்ல வேண்டும். இந்தியத் துறைமுகங்களில் இறங்க விசாவை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாக வேண்டும். கைத்தொலைபேசியைக் கடலில் விமானப் பயன்முறையில் வைக்காவிட்டால், கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பு வழியே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். மரக்கறி உணவு வேண்டுவோர் பதிவு செய்யும்போதே அறிவிக்க வேண்டும். நாள்தோறும் உண்ணும் மருந்துகளைக் கைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். கப்பல் மருத்துவரின் கட்டணம் மிகுதி. தனியே ஊர் சுற்றக் கரையிறங்குவோர் கப்பலின் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் வைத்திருக்க வேண்டும். பிந்தி வருவோர்க்காகக் கப்பல் காத்திராது.

நேரம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. மேற்கே செல்லும் கப்பலில் நாள் நீளும். கடிகாரத்தைப் பின்னே தள்ளிக்கொண்டே போக வேண்டும். 1981இல் மலேசியத் தீபகற்பத்திற்கும் இந்தியாவிற்கும் இடையே சரியாக இரண்டு மணி நேர வேறுபாடு. பினாங்கிலிருந்து சென்னை ஏறத்தாழ 1,300 கடல் மைல். விமானம் நான்கு மணி நேரத்தில் கடந்துவிடும் அத்தொலைவைக் கப்பல் மூன்று இரவுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டு கடந்தது. நீரின் நிறம் பச்சையிலிருந்து கருநீலமாவதையும், பறவை மீன்கள் அலையின் மேல் பாய்வதையும், கரையே இல்லாத மாலைகளையும் நான் கண்டேன். ஊரை விட்டு வந்துவிட்டோம் என்பதை மனம் ஏற்றுக்கொள்ள அத்தனை நாள் வேண்டித்தான் இருக்கிறது. அண்மையில் நாங்கள் சென்ற பெருங்கப்பலில் அரங்கும் ஆடலும் கடைகளும் இருந்தன; கடலைப் பார்ப்போர்தாம் குறைவு. கொழும்பை அணுகுமுன், ஒரிரவு நான் மட்டும் தளத்தில் நின்று வடமேற்கே நோக்கிக்கொண்டிருந்தேன். அத்திசையில்தான் நாகப்பட்டினம்.

அப்பாயியின் தமக்கை வீட்டில் ஒரு மாதம் போல் தங்கியபின், புதுவருடம் பிறந்ததும் சென்னைத் துறைமுகத்திற்கு வந்தோம். எங்கள் தோட்டத்திற்கு அண்டையிலிருந்த ஒரு குடும்பத்தார் அதே கப்பலில் திரும்பினர். அவர்களிடம் என்னை ஒப்படைத்தார் அப்பாயி. என் சிறிய பெட்டி மட்டும் தரையில் நின்றது. "நீங்க எப்ப வருவீங்க அப்பாயி?" என்று கேட்டேன். "காத்து மாறட்டும் ராசா" என்றார். ஆண்டுக்கு இருமுறை காற்று மாறும் கடல் அது என்பதால், அவர் பருவக்காற்றைச் சொல்கிறார் என்றே நான் கொண்டேன். "வயித்துல படு. படிய எண்ணிக்க. மறந்துடாதே" என்று மீண்டும் சொன்னார். தாம் உடனில்லாத பயணத்திற்காகவே அக்குறிப்புகளை எல்லாம் எனக்குப் பழக்கினார் என்பது அப்போது விளங்கவில்லை.

அப்பாயி வைத்திருந்தது சிவப்பு அடையாள அட்டை. 44 ஆண்டுகள் இம்மண்ணில் பால் வெட்டியும் அவர் குடியுரிமை பெறவில்லை. 1969ஆம் ஆண்டிற்குப் பின் வேலை அனுமதிச் சீட்டு முறை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தபோது, அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் கப்பலேறினர். அவர் அன்று பிள்ளைகளுக்காகத் தங்கினார். மீண்டும் நாட்டுக்குள் நுழைவதற்கான அனுமதியை அவர் இம்முறை பெற்றுச் செல்லவில்லை என்பதை, நான் வீடு திரும்பிய பின்னர்தான் அப்பா சொன்னார். ரவாங் இரயில் நிலையத்தில் இறங்கியபோது அங்கிருந்த கடிகாரம் என் கணக்கிற்கு அரை மணி முன்னே இருந்தது. 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று நாட்டின் நேரத்தை அரை மணி முன்னே தள்ளியிருந்தனர். எனக்கும் அப்பாயிக்கும் இடையே இருந்த இரண்டு மணி நேரம், நான் அக்கரையில் இருந்த நாளிலேயே இரண்டரை மணி நேரமாகிவிட்டது.

1984இல் அவர் மறைந்தார். செய்தி தந்தியில் வந்தது. அடுத்த ஆண்டு கப்பலும் இல்லாமற்போயிற்று. அம்மூன்று இரவுகளில் அவரிடம் நான் கேட்டிருக்கக்கூடியவை பல: 1937இல் எம்மாதம் வந்தார்? நாகப்பட்டினக் கரையில் அவரை வழியனுப்ப நின்றவர் யார்? ஜெரெஜாக் தீவில் எத்தனை நாள் இருந்தார்? ஒன்றையும் கேட்கவில்லை. பயணக் கட்டுரை எழுதச் சொன்னால் நம் மாணவர் பினாங்குச் சுற்றுலாவை ஒரே அச்சில் வார்த்துத் தருகின்றனர். அதற்கு மாற்றாக, "உங்கள் குடும்பத்தில் கப்பலில் வந்தவர் யார்?" என்னும் ஒரு வினாவை வகுப்பில் கொடுத்துப் பாருங்கள். 1950களிலும் 1960களிலும் சிறு பிள்ளைகளாகக் கப்பலில் வந்தவர் சிலர் இன்னும் நம்மிடையே வாழ்கின்றனர். விடை சொல்வோர் இருக்கும்போதே வினாவைக் கேட்டுவிட வேண்டும்.

என் பெட்டி இன்றும் வீட்டில் இருக்கிறது. வெள்ளைச் சாயம் உதிர்ந்தும் என் பெயரைப் படிக்க முடிகிறது. ஒன்றாகப் போய் ஒன்றாகத் திரும்புவோர்க்கு ஒரு பெட்டி போதும் என்பது 12 வயதில் எனக்குத் தோன்றவில்லை. மும்பைப் பயணத்திற்கு என் மனைவி இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தபோது, நான் ஒன்றைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. நண்பர்களுக்கு அப்பாயியின் குறிப்புகள் அனைத்தையும் சொல்கிறேன். முதற்குறிப்பை மட்டும் சொல்வதில்லை.